முதல் இடத்துச் சொல்

பள்ளிக்கூடங்களைச் சோதிக்க அரசாங்கம் அனுப்புகிற வித்தியாதரிசி ஆடி மாதக் கடைசியில் நெடுந்தீவுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மாக்கிறேற் ரீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அவள் பயந்த பிறவி அல்ல. சோளகக் காற்றில் வள்ளம் கவிழப்போவது போல ஆடும்போதும் ஊர்காவற்றுறைக்குப் போய் ஆங்கிலம் படித்துத் திரும்பி வந்தவள். கடல் விழுங்கினால் ஒரேயடியாக விழுங்கிவிடும். வித்தியாதரிசி அப்படியல்ல. போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரியை வருசம் முழுக்க மென்றுகொண்டு கிடக்க வேண்டும்.

போன வருசம் எழுதிய வரி அவளுக்கு மனப்பாடம். பிள்ளைகள் பெயரடைகளை வாயில் வந்த ஒழுங்கில் அள்ளிக் கொட்டுகிறார்கள், பாடம் புத்தகத்தில் இருக்கிறதே தவிரக் கண்முன்னால் இல்லை என்று எழுதியிருந்தார். அதற்கு முந்தின வருசத்து வரி இன்னும் மோசம், அதை விடுவோம். இந்த ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டுச் சோதனை மூன்றாவது, கடைசி. இதிலும் தவறினால் அவளுக்கு ஆசிரியைச் சான்றிதழ் இல்லை, வேலையும் இல்லை. அவள் போனால் பெண்பிள்ளைகளின் ஆங்கில வகுப்பும் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரீச்சர்மார் எல்லாரும் முதல் வாடைக்காற்றோடு மூட்டை கட்டியவர்கள். தீவிலேயே பிறந்து தீவிலேயே நின்று படிப்பிக்க முன்வந்தவள் இவள் ஒருத்திதான். தமையன் வீட்டுக் குசினியில் அவளுக்கென்று ஒரு மூலை காத்திருந்தது. மச்சாள் நல்லவள். அதுதான் இன்னும் பயம். அங்கே போய் ஒதுங்கினால் போ என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள், ஆயுள் அங்கேயே முடிந்துவிடும்.

பெயரடை என்றால் தமிழ்ப் பிள்ளைக்கு அதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். தமிழில் ஒரு கஷ்டமும் இல்லைத்தான். 'சின்னச் சிவத்தப் பெட்டி' என்றாலும் 'சிவத்தச் சின்னப் பெட்டி' என்றாலும் பெட்டி கோபித்துக்கொள்ளாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயரடைக்கும் ஒரு சாதி உண்டு, ஒவ்வொரு சாதிக்கும் பந்தியில் ஓர் இடம் உண்டு. நல்லது கெட்டது என்று நம் மனதில் படுவதைச் சொல்லுகிற சொல் முதலில் வந்து உட்காரும். பிறகு அளவு, பிறகு வயது, பிறகு உருவம், பிறகு நிறம், பிறகு ஊர், கடைசியில் எதனால் செய்தது என்ற சொல். இடம் மாறி உட்கார்ந்தால் வெள்ளைக்காரனின் காது சுளிக்கும். யார் எங்கே உட்காரலாம் என்பதையே நாள் முழுக்கப் பார்க்கிற எங்களுக்கு இது விளங்காமல் போக ஒரு நியாயமும் இல்லை என்றுதான் மாக்கிறேற் ரீச்சர் நினைத்தாள்.

அந்த நினைப்பில்தான் வாங்குப் பாடம் பிறந்தது. வகுப்பில் இருந்த நீள வாங்கில், பலகைப் பெஞ்சில், அவள் பிள்ளைகளை வரிசையாக இருத்தினாள். ஒவ்வொரு இடமும் ஒரு சாதிப் பெயரடைக்கு. ஒரு பொருளை முன்னால் வைத்தவுடன் அந்தந்த இடத்துப் பிள்ளை எழுந்து தன் சொல்லைச் சொல்ல வேண்டும். கடைசியில் வகுப்பு முழுவதும் சேர்ந்து பொருளின் பெயரைச் சொல்லும். முதல் இடத்தில் பரிமளம் இருந்தாள். அவளுக்குத்தான் குரல் வெண்கலம், சொன்னதை விளங்கிக்கொள்வதிலும் அவள்தான் கெட்டி.

"ஏ பியூற்றிபுல்," என்பாள் பரிமளம். "சிமோல்," "ஓல்ட்," "ஸ்குவெயர்," "பிறவுண்," "டச்," "வூடன்," என்று வாங்கு நெடுகச் சொல் ஓடும். "பொக்ஸ்!" என்று வகுப்பு கத்தும். அழகான, சின்ன, பழைய, சதுரமான, மண்ணிற, ஒல்லாந்து, மரப் பெட்டி. ஒரு நாள் இரண்டு பேர் இடம் மாறி இருந்தபோது வாங்கு முழுக்கச் சிரித்தது. பிள்ளைகளின் காதுக்கும் பந்தி பழகிவிட்டது என்று கண்ட அன்று ரீச்சருக்கு ஒரு வாய் சோறு இறங்கியது.

அதையும் பெரிய வாத்தியார் பஸ்ரியாம்பிள்ளை கெடுத்தார். "பெட்டியும் விளக்கும் எந்த ஊரிலையும் இருக்கும், பிள்ளை. கண்முன்னாலை இல்லையெண்டு துரை எழுதினது உமக்கு ஞாபகம் இல்லையோ? எங்கடை தீவிலை இருக்கிற, உயிருள்ள ஒண்டைக் கொண்டுவந்து நிப்பாட்டும். அப்பதான் எடுபடும்."

தீவில் உயிரோடு நிறைய இருந்தன. குதிரைகள் கிட்டப் போனால் உதைக்கும். மீன் கொஞ்ச நேரத்தில் நாறும். கடைசியில் பரிமளத்தின் தாய் ஆச்சிமுத்துவிடம் இருந்த பசுக்கன்றைக் கேட்பதென்று முடிவாயிற்று. அது ஆனியில் பிறந்த மண்ணிறக் கன்று. கண்ணும் காதும் யாரோ உட்கார்ந்து படம் கீறிவைத்தது போல இருக்கும். இப்படி இருக்கும் என்று நான் எழுதுகிறேனே தவிர, நெடுந்தீவில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. வளருகிற உயிரை நல்லது என்று சொன்னால் நாவூறு படும். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள்கூட 'என்ன, நோஞ்சானாய்க் கிடக்குது' என்றுதான் சொல்லிவிட்டு வருவார்கள். தாய்க்கும் அதுதான் சந்தோசம். ஆச்சிமுத்துவின் முந்தின கன்றை மாடு வாங்க வந்த ஒரு வியாபாரி 'என்ன வடிவு' என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கிழமையே அது வயிறு ஊதிச் செத்தது.

ஆச்சிமுத்து கன்றின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டாள். "தரலாம், பிள்ளை. ஆனா என்ரை கண்டைப் பற்றி அங்கை என்ன கதைப்பியள்?"

"எல்லாம் இங்கிலீசிலைதான், அக்கா."

ஆச்சிமுத்து யோசித்தாள். "அப்ப பறவாயில்லை. உந்தப் பாசை நாவூறுக்கு விளங்காது."

மாக்கிறேற் ரீச்சரும் அப்படித்தான் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள் நாவூறை நம்பலாமோ என்று கேட்காதீர்கள். தீவில் பிறந்தவள் அவள். வேதம் கழுத்திலே மாதா சுருவமாகத் தொங்கியது, நாவூறு எலும்புக்குள்ளே இருந்தது. ஆனால் அது தமிழ் நாவூறு. பியூற்றிபுல் என்ற சொல் கப்பலேறி வந்தது, அதற்கு எங்கள் ஊர்க் கன்றைத் தெரியாது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வித்தியாதரிசி பெல்லமி துரை ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலையில் வந்து இறங்கினார். உருண்ட உடம்பு, நரைத்த மீசை, கடற்காற்றும் வெயிலும் சேர்ந்து சிவக்கவைத்த முகம். வள்ளம் ஆடிய ஆட்டத்தில் இன்னும் கால் நிலைக்காமல் வகுப்புக்குள் வந்து கதிரையில் அமர்ந்தார். பெரிய வாத்தியார் பக்கத்தில் நின்று வியர்த்தார். கன்று வாங்குக்கு முன்னால் நின்றது. ஆச்சிமுத்து வாசலில் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொடங்கும், மிஸ் மாக்கிறேற்," என்றார் துரை.

அவள் பரிமளத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். பரிமளம் எழுந்தாள். கன்றைப் பார்த்தாள், வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள்.

"அன் அக்ளி," என்றாள். அவலட்சணமான என்று அர்த்தம்.

வாங்கு தயங்காமல் ஓடியது. சிமோல், யங், தின், பிறவுண், கடைசியில் நெடுந்தீவுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரான டெல்வ்ற். உயிருள்ளது எதனாலும் செய்ததல்ல என்பதால் கடைசி இடத்துப் பிள்ளைக்கு இதில் சொல் இல்லை. அவலட்சணமான, சின்ன, இளம், மெலிந்த, மண்ணிற, நெடுந்தீவுக் கன்று. ஒழுங்கில் ஒரு பிழையும் இல்லை. துரையின் புருவம் மட்டும் மேலே போனது.

"ஒழுங்கு சரி," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் முதற்சொல்? வேறு பிள்ளையைக் கேளும்."

இரண்டாம் பிள்ளையை முதல் இடத்தில் இருத்தினாள். அவள் 'பாட்' என்றாள், கெட்ட. மூன்றாம் பிள்ளை 'ஹொறிபுல்' என்றாள், பயங்கரமான. அந்தச் சொல்லை மாக்கிறேற் ரீச்சர் படிப்பித்ததாக ஞாபகமே இல்லை. நேற்றுவரை பெட்டியையும் விளக்கையும் ஓயாமல் பியூற்றிபுல் என்று கத்திய வாய்கள் இவை. ஏன் என்று ரீச்சருக்கு விளங்கியது. பெட்டி வயிறு ஊதிச் சாகாது. கன்று சாகும்.

துரை எழுந்து கன்றின் நெற்றியைத் தடவினார். "இந்தத் தீவுகளில் நான் கண்டவற்றில் இதைப்போல அழகான ஒன்று இல்லை," என்றார். "கண் இருக்கிற எவனும் இதை அவலட்சணம் என்று சொல்லமாட்டான். உம்முடைய பிள்ளைகள் சொற்களைக் கிளிபோல வரிசையாக ஒப்புவிக்கிறார்கள். அர்த்தம் தெரியாது. அதைத்தான் நான் எழுதவேண்டி வரும்."

வாங்கு முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. "துரை என்னடி சொல்லுறார்?" என்று ஆச்சிமுத்து வாசலிலிருந்து கேட்டாள்.

"கண்டு நோஞ்சானாம், அம்மா," என்றாள் பரிமளம்.

துரை பேனாவைத் திறந்தார். மாக்கிறேற் ரீச்சருக்குத் தமையன் வீட்டுக் குசினிப் புகை அப்போதே கண்ணில் பட்டது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மூடநம்பிக்கைக்காரி என்று எழுதுவார். சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுவார். அவள் பரிமளத்தின் பக்கம் குனிந்து தமிழில் மெல்லச் சொன்னாள்.

"பிள்ளை, கண்டை விடு. நாவூறு பட்டாலும் உனக்குப் பயமில்லாத ஏதாவது ஒண்டைப் பார்த்து, நல்ல சொல்லைச் சொல்லு."

கரும்பலகையைப் பார்ப்பாள், மேசையைப் பார்ப்பாள் என்று அவள் எண்ணினாள். பரிமளம் வகுப்பைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். அவள் கண் கரும்பலகையைத் தாண்டியது, மேசையையும் தாண்டியது, கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"ஏ பியூற்றிபுல்!" என்று வெண்கலக் குரலில் சொல்லித் துரையை நேரே காட்டினாள்.

மாக்கிறேற் ரீச்சர் வாயைத் திறக்குமுன் வாங்கு ஓடத் தொடங்கிவிட்டது. "பிக்!" "ஓல்ட்!" "றவுண்ட்!" "றெட்!" "இங்கிலிஷ்!" அழகான, பெரிய, கிழட்டு, உருண்ட, சிவந்த, இங்கிலாந்து. எதனால் செய்தது என்று சொல்லவேண்டிய கடைசிப் பிள்ளை திகைத்தாள். துரையை மேலும் கீழும் பார்த்தாள், அவர் போட்டிருந்த கோட்டைக் கண்டாள். "கொட்டன்!" என்றாள். பருத்தி.

"இன்ஸ்பெக்ரர்!" என்று வகுப்பு கத்தியது.

பெரிய வாத்தியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். துரை அசையாமல் நின்றார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. கதிரையில் விழுந்து, கண்ணீர் வருமட்டும் சிரித்தார். சிரித்து முடித்துப் பேனாவை மூடினார். ஒன்றும் எழுதவில்லை. "முடிவு தபாலில் வரும்," என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் சோளகம் இன்னும் ஏறியது. துறையில் வள்ளம் கயிற்றை அறுப்பது போல இழுத்துக்கொண்டு நின்றது. வழியனுப்பப் போன பெரிய வாத்தியார் அவள் காதோடு சொன்னார். "துரை சிரிச்சவர், பிள்ளை. சிரிச்ச மனிசன் பிழையாய் எழுதமாட்டார். இனி நீர் வாயைத் திறக்காமல் ஆளை ஏத்திவிடும், அதுவே போதும்."

அவளும் அப்படியே செய்வதாக இருந்தாள். அப்போதுதான் ஆச்சிமுத்து சேலைத் தலைப்பு பறக்க ஓடிவந்தாள். ஒரு கை பொத்தியிருந்தது. பின்னால் அழுத முகத்தோடு பரிமளம்.

"ரீச்சர், இவள் இப்பதான் எல்லாம் சொன்னவள்," என்று மூச்சு வாங்கினாள். "துரை கண்டைப் புகழ்ந்ததாம். அது கிடக்கட்டும், கண்டுக்கு நாவூறு கழிச்சுப்போட்டன். இவள் துரையைப் பார்த்து வடிவெண்டு சொன்னவளாமே! வகுப்பு முழுக்க நிண்டு சொன்னதாமே! இங்கிலீசெண்டாப் படாது எண்டு நான்தான் மடைச்சி மாதிரி நினைச்சுப்போட்டன். விளங்கிச் சொன்னா எந்தப் பாசையிலையும் படும். கடலைப் பாரும், பிள்ளை. இந்த மனிசன் இதுக்குள்ளாலை போகவேணும்."

பொத்திய கையை விரித்தாள். உப்பும் செத்தல் மிளகாயும் கடுகும்.

"சுத்திப்போட்டால் மூண்டு தரம் துப்பவேணும். நீர்தான் சொல்லவேணும், எனக்கு அவரின்ரை பாசை தெரியாது."

"விசர் வேலை பாராதை, ஆச்சிமுத்து," என்று பெரிய வாத்தியார் பல்லைக் கடித்தார். "பிள்ளை, துரையைத் துப்பச் சொல்லப்போறீரோ? மூண்டு வருசப் பாடு துலைஞ்சுது!"

துரை ஒரு காலை வள்ளத்தில் வைக்கப்போனவர் திரும்பிப் பார்த்தார். மாக்கிறேற் ரீச்சர் ஆச்சிமுத்துவின் கையிலிருந்த உப்பைப் பார்த்தாள். பேசாமல் விட்டால் சான்றிதழ் வரும், அநேகமாக வரும். வள்ளக்காரர் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். போகிறது ஓர் உயிர். அந்தச் சொல்லை அவர்மேல் போட வழி சொன்னவள் அவள். அவள் முன்னே போனாள்.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். பெயரடைகள் தாறுமாறாகத்தான் வந்திருக்கும், அதை அவள் கவனிக்கவில்லை. நாவூறு என்ன என்று சொன்னாள். செத்த கன்றைச் சொன்னாள். பிள்ளைகள் ஏன் அவலட்சணம் என்றார்கள் என்று சொன்னாள்.

துரை கேட்டுக்கொண்டே நின்றார். "அப்படியானால் அந்தச் சொல்லின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும்."

"தெரிந்தபடியால்தான் சொல்லவில்லை, சேர்."

"என்னைப் பார்த்துச் சொன்னது?"

அவள் தலையைக் குனிந்தாள். "உனக்குப் பயமில்லாத ஒன்றைப் பார்த்துச் சொல் என்று நான்தான் சொன்னேன், சேர். மேசையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன்."

துரையின் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. பரிமளத்தைப் பார்த்தார். அவள் தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். "நான் போய்விட்டால் இந்தத் தீவில் ஒருவருக்கும் ஒன்றும் குறையாது என்று பிள்ளை சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்," என்றார்.

இல்லை என்று சொன்னால் பொய். மாக்கிறேற் ரீச்சர் கையை நீட்டி ஆச்சிமுத்துவைக் காட்டினாள்.

"இந்த மனிசி ஓடி வந்திருக்கிறாள், சேர்."

துரை ஆச்சிமுத்துவைப் பார்த்தார். வியர்த்த முகம், இரைக்கிற மூச்சு, விரித்த கையில் உப்பு. அவர் தொப்பியைக் கழற்றினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து கொடுத்தார். ஆச்சிமுத்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அவருடைய தலையைச் சுற்றினாள், இடமும் வலமுமாய்ச் சுற்றினாள். பிறகு அந்தக் கையை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினாள். பெரிய வாத்தியார் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். துரை மூன்று தரம் துப்பினார். பழக்கமில்லாத மனிசன், கடைசித் தரம் மீசையிலும் கொஞ்சம் பட்டது.

வள்ளம் கயிற்றை விட்டது. பாய் காற்றைப் பிடித்தவுடன் அது சரிந்து ஓடத் தொடங்கியது. துரை ஒரு கையால் தொப்பியை அமத்திக்கொண்டு காற்றுக்கு எதிராகக் கத்தினார்.

"மிஸ் மாக்கிறேற்! அடுத்த வருசம் உயிரில்லாத ஒன்றாகப் பார்த்து வையும்!"

"என்ன சொல்லிப்போட்டுப் போறார்?" என்று ஆச்சிமுத்து கேட்டாள்.

"உயிரில்லாத சாமானாய்ப் பார்த்து வைக்கட்டாம்," என்றாள் மாக்கிறேற் ரீச்சர். "அடுத்த வருசம்." அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. "அடுத்த வருசமாம், அக்கா. அடுத்த வருசமும் நான்தானாம்." மேலே பேச ஏலாமல் துறைக் கல்லில் இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

ஆச்சிமுத்து அவள் முதுகைத் தடவினாள். "ஏன் பிள்ளை அழுறீர்? அதுதான் துப்பிப்போட்டுப் போறாரே. மனிசன் சுகமாய்ப் போய்ச் சேருவார்."